பண்பாடு: ஒரு சொல்லின் வரலாறு

தமிழில் ஒரு சொல் எந்த ஆண்டில், யார் வாயில் பிறந்தது என்று கூற இயல்வது அரிது. நிலத்தடி நீர்போல் அது எங்கோ ஊறி, எங்கோ வெளிப்படும். இதற்கு மாறாகத் தன் பிறந்த ஆண்டையும் பெற்றவர் பெயரையும் சுமந்து நிற்கும் சொற்கள் சில உள. 'பண்பாடு' அவற்றுள் ஒன்று. 'கல்ச்சர்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நேராக இதனை 1937இல் ஆக்கித் தந்தவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் என்பது பேராசிரியர் ச. வையாபுரிப்பிள்ளை வாயிலாகத் தெரியவரும் செய்தி. இன்று மேடைதோறும் ஈராயிரம் ஆண்டுப் பழமையோடு சேர்த்து உச்சரிக்கப்படும் இச்சொல்லுக்கு வயது இன்னும் நூறு ஆகவில்லை. சங்கப் பாடல்களில் 'பண்பு' உண்டு, 'பண்பாடு' இல்லை. வள்ளுவரும் பண்புடைமை என்றுதான் அதிகாரம் வகுத்தார்.

சொல் புதிது என்பதால் பொருளும் புதிது என்று கொள்ளவேண்டியதில்லை. ஆயினும் ஒரு கருத்துக்குப் பெயர் வைக்கப்படும்போது அக்கருத்தின் எல்லையும் அப்பெயரால் ஓரளவு வரையப்பட்டுவிடுகிறது. எது உள்ளே, எது வெளியே, யார் உள்ளே, யார் வெளியே என்னும் கேள்விகள் அப்போதுதான் எழுகின்றன. 'பண்பாடு' என்ற சொல்லின் வரலாறு இந்தக் கேள்விகளின் வரலாறாகவும் அமைந்துவிட்டது.

இச்சொல் வருமுன் அந்த இடத்தில் இரண்டு சொற்கள் இருந்தன. ஒன்று 'கலாசாரம்'. கலை, ஆசாரம் ஆகிய இரண்டும் இணைந்த வடமொழி ஆக்கம் அது. கலை பரந்த சொல். ஆசாரமோ தமிழ் வழக்கில் குறுகிய சொல். குளித்தல், உண்ணல், தீண்டல், தீண்டாமை ஆகிய ஒழுங்குகளை நினைவுறுத்துவது. 'ஆசாரம் உள்ள குடும்பம்' என்று ஊரார் ஒருவரைச் சொன்னால் அங்குச் சாதியின் மணமும் சேர்ந்தே வீசும். இச்சொல் மறைந்துவிடவில்லை. இலங்கைத் தமிழர் தம் அலுவலகப் பெயர்களில் 'கலாசார'த்தை இன்றும் இயல்பாக ஆள்கின்றனர். தமிழ்நாட்டில் அது 'கலாசாரச் சீரழிவு' என்று கவலைப்படும் தலையங்கங்களில் வாழ்கிறது.

மற்றொன்று 'நாகரிகம்'. இதன் வாழ்க்கை விந்தையானது. நகர் என்பதன் அடியாக வந்த சொல் இது. வடமொழிக் காமசூத்திரம் நகரத்து நயமுடைய ஆடவனின் அன்றாட வாழ்வை 'நாகரகன்' என்ற பெயரில் விரித்துரைக்கிறது. சந்தனம், வெற்றிலை, வீணை, நண்பர் குழாம் என அமையும் வாழ்வு அது. அதே வேரிலிருந்து தமிழுக்கு வந்த சொல்லைத் திருவள்ளுவர் எங்கே வைத்தார் என்று பார்த்தல் தகும். கண்ணோட்டம் என்னும் அதிகாரத்தில், பழகியவர் நஞ்சை ஊற்றித் தருவதைக் கண்ட பின்பும் அதனை உண்டு அமையக்கூடியவரிடத்தே நாகரிகத்தைக் காண்கிறார். நற்றிணையிலும் இதே கருத்து இதே சொல்லோடு வருகிறது. நகரத்திலிருந்து புறப்பட்ட சொல் மாடமாளிகைகளைக் கடந்து முகம் முறியாத இரக்கத்தில் வந்து தங்கியது. இப்பொருளை அச்சொல்லுக்குத் தந்தது தமிழ்ச் சிந்தனை என்று துணிந்து கூறலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டிற்குப் பின் 'நாகரிகம்' மீண்டும் நகரத்திற்குத் திரும்பியது. 1924இல் சர் ஜான் மார்ஷல் சிந்துவெளிக் கண்டுபிடிப்பை உலகிற்கு அறிவித்தபின் அது 'சிந்துவெளி நாகரிகம்' ஆயிற்று. சுட்ட செங்கல், சாக்கடை, நேரான தெரு என்பவை நாகரிகத்தின் சான்றுகளாயின. பேச்சு வழக்கிலோ அது புதுமோஸ்தர் உடைக்குப் பெயராயிற்று. பழைய பொருள் முற்றாக அழிந்ததா என்றால், இல்லை, எதிர்மறைக்குள் ஒளிந்துகொண்டது. 'அநாகரிகமாகப் பேசாதே' என்று கடியும் தாய் நகரத்தையும் செங்கல்லையும் நினைப்பதில்லை; வள்ளுவர் நினைத்ததையே நினைக்கிறாள்.

கீழடி அகழாய்வு பற்றித் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட நூல் இங்கு நினைக்கத்தக்கது. ஆங்கிலப் பதிப்பு அதனை வைகைக் கரையில் அமைந்த சங்ககால நகரக் 'குடியிருப்பு' என்ற பொருள்பட அழைத்தது. தமிழ்ப் பதிப்பின் தலைப்பிலோ 'நகர நாகரிகம்' என்று இருந்தது. சொல்லாராய்ச்சி நோக்கில் 'நகர நாகரிகம்' கூறியது கூறல்தான். ஆயினும் தமிழ் வாசகர் நெஞ்சில் 'குடியிருப்பு' எழுப்பாத ஒன்றை 'நாகரிகம்' எழுப்புகிறது. அதே குழி, அதே பானை ஓடு. இரு மொழிகளில் இரு கருத்துகள்.

இனி மேலைநாட்டில் அந்த மூலச்சொல்லின் நிலை. இலத்தீனில் அது உழவைக் குறித்தது. உள்ளத்தை உழுதல் என்னும் உருவகத்தைச் சிசெரோ ஆண்டார். நிலத்திலிருந்து நெஞ்சுக்கு வந்த சொல் பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இரண்டாகப் பிளந்தது. 1869இல் மாத்யூ ஆர்னால்டு தம் நூலில், மனிதர் இதுகாறும் எண்ணியும் சொல்லியும் வைத்தவற்றுள் தலைசிறந்ததை அறிந்து முழுமையை நோக்கி உயர்தலையே அச்சொல்லுக்குப் பொருளாக்கினார். இரண்டே ஆண்டுகள் கழித்து, 1871இல், மானிடவியலாளர் எட்வர்ட் டைலர் வேறொன்று சொன்னார். ஒரு சமுதாயத்தின் உறுப்பினன் என்ற முறையில் மனிதன் பெறும் அறிவு, நம்பிக்கை, கலை, ஒழுக்கம், சட்டம், வழக்கம் அனைத்தும் சேர்ந்த தொகுதியே அது என்றார். ஆர்னால்டின்படி அது சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை. டைலரின்படி அது இல்லாத மனிதக் கூட்டமே இல்லை. டைலரும் கூட்டங்களைப் படிநிலைகளில் அடுக்கியவர்தான். அவர் நூலின் தலைப்பே அதைக் காட்டும். ஆனால் அவர் திறந்த கதவு பின்னர் மூடப்படவில்லை.

இந்திய மொழிகள் பலவும் இந்த இரட்டைச் சொல்லோடு மல்லுக்கு நின்றன. வங்காளத்தில் 'கிருஷ்டி' என்றொரு சொல் வந்தது. அதிலிருந்த ஏர்மணம் தாகூருக்குப் பிடிக்கவில்லை. 'சம்ஸ்கிருதி' என்பதையே அவர் ஆதரித்தார், அதுவே நிலைத்தது. செம்மை செய்யப்பட்டது, மெருகேற்றப்பட்டது என்னும் பொருள் கொண்ட சொல் அது. செம்மை செய்யப்படாதவர் யார் என்ற கேள்வியை அச்சொல் தன் மடியில் கட்டிக்கொண்டே வந்தது.

தமிழில் நடந்தது வேறு. தாகூர் தள்ளியதைத் தமிழ் கொண்டது. பண்படுத்துதல் உழவனின் சொல். கோடை உழவு உழுது, கட்டி உடைத்து, எருவிட்டு, விதைப்புக்கு ஏற்றதாக்கிய நிலம் பண்பட்ட நிலம். 'பண்படு' என்பதிலிருந்து 'பண்பாடு' பிறந்தது என்று கொண்டால், கேடு, பாடு எனத் தமிழில் முதல் நீண்டு பெயராகும் சொற்களின் வரிசையில் அது எளிதாக அமர்கிறது. 'பண்பு', 'பாடு' என்னும் இரு சொற்களின் சேர்க்கை என்று கொள்வாரும் உளர். அவ்விரு சொற்களும் ஒரே அடியில் அருகருகே நிற்கும் இடம் ஒன்று நெய்தற்கலியில் இருக்கிறது. பிறர் இயல்பை உணர்ந்து அதற்கேற்ப ஒழுகுவதே பண்பு என அப்பாடல் வரையறுக்கிறது. எவ்வழி பிறந்ததாயினும் உழவும் ஒழுக்கமும் ஒரு சொல்லில் சந்தித்தன. ஆங்கிலச் சொல்லின் பழைய மண்ணும் புதிய மணமும் ஒருங்கே அமைந்த ஆக்கம் வேறு எத்தனை மொழிகளுக்கு வாய்த்ததோ!

சொல்லை ஆக்கியவர் எத்தகையவர் என்பதும் பொருட்படுத்தத்தக்கது. டி.கே.சி. திருநெல்வேலியில் தம் இல்லத்தில் 'வட்டத்தொட்டி' என்னும் இலக்கிய வட்டத்தை நடத்தியவர். பின்னர் குற்றாலத்திலும் அன்பர் கூட்டம் அவரைச் சூழ்ந்திருந்தது. பட்டம் பதவி பாராமல் கூடி, ஒரு பாடலை மீண்டும் மீண்டும் சொல்லி, அதன் நயத்தில் தோய்ந்து எழுவது அவ்வட்டத்தின் வழக்கம். தமிழ்நாட்டின் இலக்கிய வட்டங்கள் பலவற்றுக்கு அதுவே முன்மாதிரி. பண்டிதரின் கடுநடையை விடுத்துப் பேச்சுத் தமிழின் உயிர்ப்பைப் போற்றியவர் அவர். அதே வேளையில், கம்பராமாயணத்தில் சிறந்தவை எனத் தம் உள்ளத்துக்குப் பட்டவற்றைக் கொண்டு, அல்லாதவற்றை இடைச்செருகல் என விலக்கிப் பதிப்பித்தவரும் அவரே. அப்பதிப்பு எழுப்பிய பூசல் இங்கு வேண்டா. தலைசிறந்ததைத் தேர்ந்து சுவைத்தலே வாழ்வின் செம்மை என்பது அவர் கொள்கை. ஆர்னால்டை அவர் பின்பற்றினாரோ இல்லையோ, அவர் தந்த சொல் ஆர்னால்டின் பக்கம் சாய்ந்து பிறந்தது.

வேறு பக்கம் சாயும் வாய்ப்பு அதற்கு இருந்ததா? இருந்தது. 'பண்பு' என்ற சொல்லுக்குத் தமிழிலேயே இரண்டு வாழ்க்கைகள் உண்டு. வள்ளுவரின் பண்பு மதிப்பு ஏற்றப்பட்டது. அறிவு அரம்போல் கூரியதாயினும் மக்கட்பண்பு இல்லாதவரை அவர் மரத்தோடு வைத்து எண்ணினார். அதே சொல் இலக்கணத்தில் எந்த மதிப்பையும் ஏற்காமல் நிற்கிறது. பண்புத்தொகைக்கு இலக்கணம் கூறும் தொல்காப்பியம் வண்ணம், வடிவு, அளவு, சுவை என்பவற்றைப் பண்பாக எண்ணுகிறது. அங்கே கருமையும் பண்பு, வெண்மையும் பண்பு. இனிப்பும் பண்பு, கசப்பும் பண்பு. கருங்குதிரையில் பண்பு குறைவு என்று எந்த இலக்கண ஆசிரியரும் சொல்லவில்லை. இந்த இலக்கணப் பண்பிலிருந்து 'பண்பாடு' வளர்ந்திருப்பின், அது டைலர் கூறிய தொகுதிக்கு நேராக வந்து நின்றிருக்கும். தமிழ் உள்ளம் வள்ளுவரின் பண்பையே பற்றியது. மொழியில் ஒரு வாயில் இருப்பது மட்டும் போதாது. அதன் வழியே நடக்க ஒரு காலம் வேண்டும்.

டைலரின் தொகுதிக்கு நெருங்கிய கருத்து ஒன்று தொல்காப்பியத்திலேயே, வேறு பெயரில் இருக்கிறது: கருப்பொருள். ஒரு நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் ஆகியவற்றை ஒரே வரிசையில் வைக்கிறது அந்நூல். தெய்வத்துக்கு அடுத்து உணவு. பறவைக்கு அடுத்துப் பறை. குறிஞ்சியின் தினையைவிட மருதத்தின் நெல் உயர்ந்தது என்னும் குறிப்பு அங்கில்லை. வாழ்விடம், உழைப்பு, உணவு, வழிபாடு, இசை ஆகியவற்றை ஒன்றன் விளைவாக ஒன்று பின்னிக்கிடக்கும் முழுமையாகக் காணும் பார்வை அது. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பா மெல்ல வந்தடைந்த பார்வையைத் தமிழ்க் கவிதையியல் தனக்கு வேண்டிய அளவில் முன்பே கண்டிருந்தது.

இதைப் பெருமிதத்தோடு நிறுத்திவிடுவது எளிது; நேர்மையாகாது. அதே அகத்திணையியல் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைக்கிறது. அவர்கள் காதலுக்குக் கைக்கிளை, பெருந்திணை என்னும் ஓரங்களே உரியவை என்று உரைகாரர் பொருள் காண்பர். நிலங்களுக்குள் உயர்வு தாழ்வு பாராத நூல் மனிதருக்குள் பார்த்தது. பறை கருப்பொருள் ஆயிற்று. பறையை அடித்தவன் தலைவன் ஆகவில்லை.

மொழிக்கும் எண்ணத்துக்கும் உள்ள உறவு பற்றி மேலைநாட்டில் நீண்ட விவாதம் உண்டு. ஒவ்வொரு மொழியிலும் ஓர் உலகநோக்கு உறைகிறது என்றார் வில்ஹெல்ம் வான் ஹம்போல்ட். காவி மொழி பற்றிய அவரது பெருநூலின் முன்னுரை அவர் மறைவுக்குப் பின் 1836இல் வெளிவந்தது. அமெரிக்காவில் சபீரும் அவர் மாணவர் வோர்ஃபும் அதனை மேலும் கொண்டு சென்றனர். மொழி எண்ணத்தைச் சிறையிடுகிறது என்னும் கடுங்கூற்றை இன்று மொழியியலார் ஏற்பதில்லை. எண்ணம் எளிதாக ஓடும் தடத்தை மொழி காட்டுகிறது என்ற மென்கூற்றுக்கு ஆதரவு உண்டு. 'பண்பாடு' அதற்கொரு சான்று. பெயரடையாகும்போது 'பண்பாட்டு ஆய்வு', 'பண்பாட்டு வரலாறு' என்று அது நடுநிலையாகவே ஒலிக்கும். எதிர்மறையானதும் 'பண்பாடற்ற' என்று வசையாகிவிடும். 'மொழியற்ற மக்கள்' என்று சொல்லத் தயங்கும் நா 'பண்பாடற்ற மக்கள்' என்று சொல்லத் தயங்குவதில்லை.

சொல் பிறந்த 1937ஆம் ஆண்டே சென்னை மாகாணத்தில் கட்டாய இந்தி பற்றிய அறிவிப்பும், அதற்கெதிரான கிளர்ச்சியும் தொடங்கிய ஆண்டு. மொழியைக் காத்தல் ஓர் இனத்தின் முழு வாழ்வையும் காத்தலாக உணரப்பட்ட அக்காலத்துக்கு ஒரு சொல் தேவைப்பட்டது. ரசனைக் கூடத்தில் பிறந்த சொல் விரைவில் பொதுமேடைக்கு வந்தது. தனிநாயகம் அடிகள் 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில இதழைத் தொடங்கி உலக அறிஞர்க்குத் தமிழைக் காட்டினார். வரலாற்று நூல்கள் 'மக்களும் பண்பாடும்' என்று தலைப்பிட்டன. அரசு 'கலை பண்பாட்டுத் துறை' கண்டது. இவற்றால் விளைந்த நன்மை பெரிது; ஒரு மக்கள் கூட்டம் தன்னைத் தானே பெயரிட்டு அழைத்துக்கொள்ளக் கற்றது.

விளைந்த தீமையும் உண்டு. 'நம் பண்பாடு' என்றவுடன் பெண்ணின் உடையை நோக்கித் திரும்பும் கண்கள் அதற்குச் சான்று. பண்புடைமை அதிகாரத்தின் பத்துக் குறட்பாக்களில் உடை பற்றிய பேச்சே இல்லை. வேட்டியைத் துறந்து காற்சட்டை அணிந்த ஆடவன் பண்பாட்டைத் துறந்ததாக எவரும் சொல்வதில்லை. சேலையைத் துறந்தவள் மட்டும் விளக்கம் சொல்லக் கடமைப்பட்டவள் ஆகிறாள். வள்ளுவர் சொல்லுக்கு இட்ட பொருளை அகற்றிவிட்டு, பழைய 'ஆசார'த்தை அதே இருக்கையில் அமர்த்தும் வேலை இது.

இச்சொல்லின் அடுத்த பெருந்திருப்பமும் பொருநைக் கரையிலேயே நிகழ்ந்தது. டி.கே.சி. 1954இல் மறைந்தார். 1967இல் பாளையங்கோட்டையில் பேராசிரியர் நா. வானமாமலை நெல்லை ஆய்வுக் குழுவை நிறுவினார். தொடர்ந்து 'ஆராய்ச்சி' இதழை நடத்தினார். அதுவும் ஒரு வட்டம்தான். அங்கே கம்பனோடு வில்லுப்பாட்டும் கதைப்பாடலும் ஆய்வுப் பொருளாயின. மதுரைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட அவரது முத்துப்பட்டன் கதைப் பதிப்பு குறிப்பிடத்தக்கது. அருந்ததியர் குலத்துப் பெண்கள் இருவரை மணந்து, மாடு காத்து, அதற்காகவே மாண்ட பிராமண இளைஞனைத் தெய்வமாக வணங்கும் மக்களின் பாட்டு அது. இலக்கிய வரலாறுகள் ஏறெடுத்துப் பாராத அப்பாட்டைப் பண்பாட்டின் ஆவணம் என்று கொண்டபோது, அந்தச் சொல்லின் எல்லைக்கல் பெயர்த்து நடப்பட்டது. சிறந்ததா என்ற வினாவுக்கு முன்பாக, யாருடையது என்ற வினா எழுந்தது.

அதே ஊரில் மூன்றாம் தலைமுறையாக வந்தவர் தொ. பரமசிவன். 1997இல் வெளிவந்த 'அறியப்படாத தமிழகம்' உப்பையும் எண்ணெயையும் உலக்கையையும் சிறுதெய்வங்களையும் பற்றிப் பேசிற்று. சமையற்கட்டும் சுடுகாடும் அதில் பண்பாட்டின் இடங்களாயின. நூலின் நடை எளிது. அதன் பின்னே நின்ற கருத்து எளிதன்று. உப்புக்குப் பண்பாடு உண்டு என்று சொல்லவேண்டுமாயின், 'பண்பாடு' என்ற சொல்லை டி.கே.சி.யின் கையிலிருந்து மரியாதையோடு வாங்கி வேறோரிடத்தில் வைக்கவேண்டும். தொ.ப. 2020இல் மறையும்வரை அதைச் செய்தார். திருநெல்வேலி ஒன்றிலேயே, முப்பது முப்பது ஆண்டு இடைவெளியில், ஒரே சொல் மூன்று பொருள் கொண்டதை எண்ணும்போது, அகராதி காட்டும் ஒற்றை வரிப் பொருள் எத்துணைப் போதாதது என்பது விளங்கும்.

இச்சொல்லோடு போராட விரும்பாமல் ஒதுங்கி நடந்தவரும் உளர். பாளையங்கோட்டைத் தூய சவேரியார் கல்லூரியில் அமைந்த துறை 'நாட்டார் வழக்காற்றியல்' என்று பெயர் கொண்டது. வழக்காறு என்பதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை. வழங்கி வரும் நெறி, அவ்வளவே. 'வழக்காறற்றவன்' என்று ஒருவனைத் திட்ட முடியாது என்பதே அச்சொல்லின் தகுதி. ஆனால் அது ஆய்வரங்குகளைத் தாண்டித் தெருவுக்கு வரவில்லை. தெரு 'பண்பாட்டை'யே வைத்துக்கொண்டது.

அந்தத் தெருவில்தான் பறை ஒலித்தது. சாவு வீட்டின் ஒலி என்று ஒதுக்கப்பட்டு, அடிப்பவனை ஊர் எல்லையில் நிறுத்திய கருவி அது. அதனை இழிவாக எண்ணி, இனி அடிப்பதில்லை என்று ஊர் ஊராகக் கைவிட்டவர்களும், இது எங்கள் கலை என்று மீண்டும் கையில் எடுத்தவர்களும் பெரிதும் ஒரே மக்கள். இருசாராரும் 'பண்பாடு' என்ற சொல்லோடுதான் வழக்காடினர். முன்னவர் அதன் பழைய பொருளோடு, பின்னவர் புதிய பொருளோடு. அக்கருவிக்கு இன்றும் பெயர் ஒன்றாகவில்லை. ஒருபால் தப்பாட்டம், மற்றொருபால் பறையாட்டம். எப்பெயரைச் சொல்வது என்பதில் சொல்பவரின் நிலையும் தெரிந்துவிடும். தொல்காப்பியம் தெய்வத்தோடும் யாழோடும் ஒரே வரிசையில் எண்ணிய அந்தப் பறையை வாசித்தும் கற்பித்தும் வந்த மதுரை மாவட்டத்து வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. விருதுப் பட்டியலில் அவர் பெயருக்கு எதிரே, 'கலை' என்று எழுதப்பட்டிருந்தது.